சத்தமா வாசிங்க

கச்சான் காற்று கிளம்பி ஒன்பதாம் நாள், லுஹர் தொழுகை முடிந்து சனம் வீடு திரும்புகிற நேரத்தில், றாஸிக் ஒரு சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு சாய்ந்தமருதுக் கடற்கரைப் பக்கத்துத் தெருவால் வந்தான். கட்டாருக்குப் போய்வந்த பெட்டி. ஆனால் அன்று அவன் கட்டாரிலிருந்து வரவில்லை. நாலு கட்டை தூரம் வடக்கே மருதமுனையில் இருக்கும் பெண்சாதி பஸ்லியாவின் வீட்டிலிருந்து வந்தான்.

தெருவில் நின்றவர்களுக்கு அந்தப் பெட்டியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. இந்தக் கரையில் வீடு பெண்ணுக்கு உரியது. ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் உடுப்புப் பெட்டியோடு பெண்வீட்டுக்குப் போவான். முறிந்தால் அதே பெட்டியோடு திரும்புவான். திரும்பிவர அவனுக்கென்று ஒரு வீடும் இருக்காது. றாஸிக் பிறந்த வீடும் நாலு வருடத்துக்கு முன்பே தங்கச்சி றிபாவின் பெயருக்குப் போய்விட்டது. அவனுடைய வாப்பா ஸைனுலாப்தீனும் உம்மா ஹாஜறாவும் அந்த வளவின் பின்பக்கத்து இரண்டு அறைக்குள் இருந்தார்கள்.

ஸைனுலாப்தீனை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வட்டைவிதானையார் என்பார்கள். வயல் வட்டையில் யாருக்கு எந்த நாள், எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று முறை வைத்து மடை திறக்கிற உத்தியோகம். இருபத்திரண்டு வருடமாக விவசாயிகள் கூட்டம் அவரைத்தான் தெரிவு செய்தது. எழுபது வயதாகியும் முதுகு வளையாதவர். கதிரையில் உட்கார்ந்தாலும் சாய்மானத்தில் முதுகு படாது.

ஹாஜறா மகனைக் கண்டதும் ஒன்றும் கேளாமல் சோறு போட்டாள். பாரை மீன் ஆணம், முருங்கைக் கீரைச் சுண்டல், பொரித்த மோர் மிளகாய். அவன் நாலு வாய் தின்றான். ஐந்தாவது வாயைக் கோப்பையிலேயே வைத்துவிட்டுச் சொன்னான்.

"வாப்பா, நான் தலாக் குடுக்கப் போறன். காதியார்ட்ட அறிவிச்சிட்டுத்தான் வாறன்."

"என்ன பிழை?" என்றார் விதானையார்.

"சாறி எடுக்க வாற வெளியூர் ஏவாரி ஒருத்தன். ஒண்டரை வருசமாப் போன்ல கதை. ஒரு நாள் அம்பாறையில போய்ச் சந்திச்சும் இரிக்காள்."

"ஆரு சொன்ன?"

"அவள்தான். போனக் கண்டுட்டுக் கேட்டன். இல்லையெண்டு ஒரு பொய் சொல்லியிருந்தாக்கூட நான் நம்பியிருப்பன் வாப்பா. ஓம் எண்டு சொல்லிப்போட்டாள்."

ஹாஜறா தலையில் கை வைத்தாள். "அடி பஸ்லியா. ஒன்ட கையால எத்தின நோன்புக்குக் கஞ்சி குடிச்சிரிப்பன்."

விதானையார் மகனைப் பார்த்தார். ஆறு வருடக் கலியாணத்தில் நாலு வருடம் வெயிலில் இரும்பு தூக்கிய பிள்ளை. கன்னம் ஒட்டியிருந்தது. அவருக்கு அந்த ஏவாரியை அரிவாளால் வெட்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் வாயால் வந்தது வேறு.

"அவளுக்கு நீ குடுக்கிற மஹர்க் காசு குடுத்து முடிஞ்சா?"

"அது கலியாணத்தண்டைக்கே குடுத்த."

"அப்ப கைக்கூலி கெடக்கு. அத எப்ப திருப்பிக் குடுக்கிற?"

றாஸிக்கின் கை சோற்றுக் கோப்பையிலேயே நின்றது. "என்ன வாப்பா கதைக்கிறீங்க? அவள் செஞ்ச வேலைக்குச் சம்பளமா?"

"இஞ்சருங்க, ஒங்களுக்கு விசர் புடிச்சிட்டா?" ஹாஜறா அகப்பையைச் சட்டியில் போட்டாள். "நம்மட மூஞ்சில கரியப் பூசினவள். அவளுக்குக் காசக் கட்டிக்கொண்டு குடுக்கப் போறீங்க. குடுத்தாச் சனம் என்ன சொல்லும்? இவன்லதான் பிழை, அதான் வாயப் பொத்திக் குடுத்தானுகள் எண்டு சொல்லும்."

"குடுக்காட்டி என்ன சொல்லும் தெரியுமா?"

"என்ன சொல்லும்?"

"பொண்டாட்டி கெட்டது நல்லதாப் போச்சி, வாங்கின காசு மிச்சம் எண்டு சொல்லும். என்ட மகன்ட மானத்துக்குச் சந்தியில நிண்டு விலை போடுவானுகள். அந்தக் கதை இந்த வளவுக்குள்ள வரப்படாது."

றாஸிக் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். அவன் வாப்பாவோடு ஏழு நாள் கதைக்கவில்லை.

கைக்கூலி என்றால் இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கலியாணத்தின்போது பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒப்படைக்கிற காசு. அது பெண்ணுடைய முதல். பதிவுப் புத்தகத்தில் தொகையோடு எழுதப்படும். நிக்காஹ் முடிகிறபோது பள்ளிவாசலில் எல்லோரும் கேட்க வாசிக்கப்படும். அந்தக் காசு பிறகு எங்கே போகிறது என்பதும் ஊருக்குத் தெரியும். மகனுக்கு வந்த கைக்கூலி மகளுக்கு வீடாக எழும்பும். றிபாவின் மேல்மாடியும், பூப்போட்ட தரையும், இரும்புக் கேற்றும் பஸ்லியாவின் காசு.

ஊருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது.

றாஸிக்கின் நிக்காஹுக்கு முந்திய மாதம் அடுத்த தெருவில் ஒரு கலியாணம் நடந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் வட்டையில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் களவெடுத்து, விதானையாரிடம் தண்டம் கட்டியவன். அவனுடைய மகனுக்குப் பன்னிரண்டு லட்சம் கைக்கூலி என்று பள்ளிவாசலில் வாசித்தார்கள். விதானையாரின் சம்பந்தி நூஹு மருதமுனையில் ஆறு தறி போட்டுச் சாறி நெய்விக்கிறவர். அவரால் கொடுக்க முடிந்தது பத்து. பத்தையும் ஒரு சதம் குறையாமல் கொண்டுவந்து வைத்தார்.

நிக்காஹ் அன்று பதிவாளர் பேனையைத் திறந்தபோது விதானையார் குனிந்து, "பதினஞ்சு எண்டு போடுங்க," என்றார்.

நூஹு திடுக்கிட்டார். பிறகு யோசித்தார். பதினைந்து கொடுத்தவர் என்ற பெயர் தனக்கும் நட்டமில்லை. தலையை ஆட்டினார். பதிவாளர் இரண்டு தகப்பன்மாரையும் பார்த்துவிட்டு எழுதினார்.

"சத்தமா வாசிங்க," என்றார் விதானையார்.

பதினைந்து லட்சம் என்று ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். தண்டம் கட்டியவன் மூன்றாவது வரிசையில் இருந்தான். அவன் முகம் போன போக்கை விதானையார் ஆறு வருடமாக மறக்கவில்லை. நினைக்கும்போதெல்லாம் இனித்தது. இன்று முதல்முறையாகக் கசந்தது.

றாஸிக் திரும்பிவந்த அன்று இரவு, இஷாத் தொழுகைக்கு முன், ஹாஜறா தேத்தண்ணியை வைத்துவிட்டு மெல்லக் கேட்டாள். "குடுக்கத்தான் போறீங்களெண்டா எவ்வளவு? பத்தா, பதினஞ்சா?"

"பள்ளியில என்ன வாசிச்ச?"

"வாசிச்சது கெடக்கட்டும். வந்தது பத்துத்தானே. காதியார்ட்ட உள்ளதச் சொல்லுங்களன்."

"அல்லாஹ்ட பள்ளிக்குள்ள வட்டைவிதானை பொய் சொன்னான் எண்டு நானே போய்ச் சொல்லச் சொல்றயா?"

"அஞ்சு லட்சம் மனிசா."

"பேர் அதவிடக் கூட."

ஹாஜறா ஒரு மிடறு குடித்தாள். "பொய்க்கு வட்டி கட்டப் போறீங்க. கட்டுங்க," என்றாள்.

மறுநாள் சுபஹு தொழுத கையோடு விதானையார் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு சொறிக்கல்முனைப் பக்கத்து வட்டைக்குப் போனார். சிறுபோக வேளாண்மை குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் உள்ளே திரண்டு, தாளைப் பிளந்து வெளியே தலைகாட்டப் பார்க்கிற நேரம். இப்போது இரண்டு நாள் தண்ணீர் தவறினால் பாதி பதராகும். மேற்கிலிருந்து கச்சான் வெந்து வீசியது. வரம்பில் நடந்தால் மண் செருப்புக்குக் கீழே நொறுங்கிற்று. வாய்க்காலில் முழங்காலளவு தண்ணீர்தான் ஓடியது. அதை எண்பத்தேழு பேருக்குப் பங்கிட வேண்டும்.

செல்லத்தம்பி மண்வெட்டியை வரம்பில் சாத்திவிட்டுச் சாரத்தை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு வந்தார். சொறிக்கல்முனைக்காரர். விதானையாரின் நாலு ஏக்கருக்கு அடுத்த காணி அவருடையது. முப்பது வருட வரம்பு உறவு; அண்ணன் முறை வைத்து அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"என்ன காக்கா, முகம் கச்சான்ல வாடின மாதிரிக் கிடக்கு. மகன்ட கதை கேள்விப்பட்டன்."

"இஞ்சயும் வந்திட்டா?"

"தண்ணிய விட இது கெதியா வரும்."

விதானையார் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "செல்லத்தம்பி, என்ட நாலு ஏக்கரையும் இந்த வெள்ளாமை வெட்டினதும் நீ எடு. அஞ்சு வருசக் குத்தகை. காசு முன்னுக்கு வேணும். பதினஞ்சு லட்சம்."

செல்லத்தம்பி சிரிக்கவில்லை. "காணி செய்யாதவன் வட்டைவிதானையா நிக்க ஏலாதே காக்கா."

"தெரியும்."

"இருபத்திரண்டு வருசம்."

"தெரியும் எண்டன்."

செல்லத்தம்பி மடிச்சீலையிலிருந்து வெற்றிலை எடுத்து, காம்பு கிள்ளி, மென்று, துப்பிவிட்டுத்தான் அடுத்ததைக் கதைத்தார்.

"ஒண்டு கேட்கிறன், கோவிக்கப்படாது. அந்தப் பிள்ளை செய்தது பிழைதானே. பிழை செய்தவளுக்கு ஏன் குடுக்கோணும்?"

"நம்மட கந்தப்பன ஞாபகமிரிக்கா?"

"அடுத்தவன்ட பெண்சாதியக் கூட்டிக்கொண்டு மகாஓயாப் பக்கம் போனவனா? மறக்கேலுமா?"

"நாலு மாசத்தில திரும்பி வந்து வயல விதைச்சான். மடையத் திறக்கப்படாதெண்டு எல்லாரும் வந்து நிண்டீங்க. நீயும் நிண்டாய்."

"நிண்டன் காக்கா. மண்வெட்டியோட நிண்டன்."

"நான் என்ன செஞ்ச?"

"முறை நாள் வர மடையைத் திறந்தீங்க. காணிக்குத்தான் தண்ணி, கந்தப்பனுக்கில்லையெண்டு சொன்னீங்க." செல்லத்தம்பி தலையைச் சொறிந்தார். "அப்ப இதுவும் அப்பிடித்தானா?"

"அவள்ட முதல் அவள்ட முதல். நான் அவன வெறுத்துக்கொண்டுதான் மடை திறந்தன். இவளயும் அப்பிடித்தான்."

"அது சரி. ஆனா பத்துக்கு மேல உங்களுக்கு வரேல்லையெண்டு நீங்கதானே ஒரு நாள் சூடடிக்கக்குள்ள என்னட்டச் சொன்னீங்க."

விதானையார் மடைப் பலகையைக் காலால் தட்டிச் சரிபார்த்தார். செல்லத்தம்பிக்கு விளங்கிற்று. "திங்கக்கிழமை பேங்குக்குப் போவம்," என்றார்.

முஸ்லிம் கலியாண வழக்குகளைக் காதியார் கேட்கிற இடம் கல்முனையில் ஒரு கட்டிடத்தின் கீழ்த்தட்டு. ஒரு மேசை, நாலு கதிரை, சுவரோரமாக இரண்டு நீள வாங்கு. வெளியே விறாந்தையில் முறைக்குக் காத்திருந்த சனம் இருபது பேருக்குக் குறையாது. கதவுக்குப் பதிலாக ஒரு சீலைதான் தொங்கியது. உள்ளே தும்மினால் வெளியே கேட்கும். அந்தக் கூட்டத்தில் தண்டம் கட்டியவனும் இருந்தான். அவன் வேறு ஒரு வழக்குக்குச் சாட்சியாக வந்திருந்தான். விதானையாரைக் கண்டதும் ஸலாம் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்தவனின் காதுக்குள் ஏதோ சொன்னான்.

உள்ளே நூஹு பதிவுத் துண்டைப் பொலித்தீன் உறைக்குள் போட்டு மடியில் வைத்திருந்தார். ஆறு வருடத்தில் பதினாறு வருடம் மூத்திருந்தார். அவருக்குப் பின்னால் பஸ்லியா கறுத்த அபாயாவோடு இருந்தாள். அவள் நிலத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காதியார் இரண்டு தவணை சேர்த்துவைக்கப் பார்த்தார். இது மூன்றாவது தவணை. தலாக் முடிந்தது. மிச்சக் கதைக்கு வந்தார்.

"கைக்கூலி பத்தி என்ன சொல்றீங்க தம்பி?"

றாஸிக் எழுந்தான். "நான் குடுக்க மாட்டன் காதியார். அவ செஞ்சத அவவே ஒத்துக்கிட்டா. துரோகம் செஞ்சவவுக்கு என்ன பாத்தியதை இரிக்கி?"

காதியார் பஸ்லியாவைப் பார்த்தார். "புள்ள?"

"ஓம்," என்றாள் பஸ்லியா. "செஞ்சன். பிழைதான்."

விறாந்தையில் ஒரு சலசலப்பு ஓடி நின்றது. நூஹு கண்ணை மூடிக்கொண்டார்.

காதியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, விளங்கிக்கொள்ளுங்க. மத்தாஹ் எண்டு ஆறுதல் காசொண்டு இரிக்கி. பிழை பொண்பக்கம் எண்டா அது தேவையில்லையெண்டு நீங்க கேக்கலாம், நான் யோசிக்கலாம். கைக்கூலி அப்பிடியில்ல. அது ஒங்கட வீட்டில பொறுப்பாக் கெடந்த அவட முதல். அவ நல்லவவா கெட்டவவா எண்டு அந்தக் காசுக்குக் கேள்வியில்ல. எடுத்தது ஆரு?"

"நான்," என்றார் விதானையார். அவர் உட்காரவே இல்லை.

"எவ்வளவு?"

நூஹு பதிவுத் துண்டை மேசையில் வைத்தார். "பதினஞ்சு. எழுதியிரிக்கி."

விதானையார் பையைத் திறந்தார். ஐயாயிரம் ரூபாய்த் தாள், நூறு நூறாக வங்கி கட்டிக் கொடுத்த மூன்று கட்டு. மேசையில் ஒவ்வொன்றாக வைத்தார். விறாந்தைச் சீலை விலகி இரண்டு தலை எட்டிப் பார்த்தது. இது அவர் நினைத்த மாதிரியே நடந்தது. இன்னும் ஒரு கையெழுத்து. பிறகு காணி போகும், உத்தியோகம் போகும், பெயர் நிற்கும்.

"இல்ல காதியார்," என்றாள் பஸ்லியா. "பத்துத்தான்."

நூஹு சட்டென்று திரும்பினார். "வாய மூடு புள்ள."

"பத்துத்தான் வாப்பா. உம்மாட மாலை வித்து நாலு, தறி ஈடு வெச்சி ஆறு. கட்டினது நான். நாந்தான் எண்ணிக் கட்டின."

"எழுதினது பதினஞ்சு," என்றார் காதியார்.

"எழுதினது பொய்." அவள் சுவரை விட்டுக் காதியாரைப் பார்த்தாள். "என்னைப் பத்தி ஊர் என்னத்தயும் கதைக்கட்டும். அது உள்ளது. குடுக்காத காச வாங்கி இல்லாத ஒண்டயும் என்ட தலையில வெச்சிக்கொள்ள எனக்கு ஏலா. மாமாக்கும் அது தெரியும்."

இப்போது எல்லாக் கண்ணும் விதானையாரிடம் வந்தன. நிக்காஹ் அன்று அவள் மருதமுனையில் வீட்டுக்குள் இருந்தவள். பிள்ளைக்குத் தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும். நூஹுவும் தலையை ஆட்டுவார். ஊர் அவரைத்தான் நம்பும். அவளை இனி யார் நம்புவார்கள்?

விதானையார் அவளைப் பார்த்தார். ஆறு வருடத்தில் முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தார். வாங்கில் உட்கார்ந்திருந்தாள். முதுகு சுவரில் படவில்லை.

அவருக்குக் கோபம் வந்தது. தன் பெயரைப் பிடுங்குகிறாள் என்று வந்தது. பிறகு அந்தக் கோபம் போகிற வழி தெரியாமல் நின்றது. என்ன செய்துவிட்டாலும், கேட்ட இடத்தில் இல்லையென்று சொல்லாத பிள்ளை. வாப்பாவுக்காகவும் பொய் சொல்லவில்லை, புருசனிடமும் சொல்லவில்லை, இங்கே ஐந்து லட்சத்துக்காகவும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடம் மடை திறந்தவர் அப்படி ஒரு இடத்தில் ஒரேயொரு தடவை பிசகினார். அதுவும் பள்ளிவாசலுக்குள்.

"புள்ள சொல்றது சரி," என்றார். "வந்தது பத்து. பதினஞ்சு எண்டு போடச் சொன்னது நான். சம்பந்தியார் கேக்கல்ல, நானாத்தான் சொன்னன். ஒருத்தன்ட முகத்தில அடிக்கிறதுக்குச் சொன்னன். அவனும் வெளிய இரிக்கான், கேக்கட்டும்."

விறாந்தையில் இருந்தவர்கள் தண்டம் கட்டியவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் மூன்று கட்டையும் அப்படியே முன்னால் தள்ளினார். "ஆனா வாசிச்சது வாசிச்சதுதான். பதினஞ்சும் அவ எடுக்கட்டும்."

"எனக்கு வேணாம் மாமா," என்றாள் பஸ்லியா. "பத்தத் தாங்க. அதில தறிய மீட்கிற."

காதியார் மூன்றாவது கட்டை எடுத்து விதானையாரின் பக்கம் வைத்தார். "ஒங்கட பெரிய மனசு வேற, அவட முதல் வேற. நான் முதலத்தான் எழுதுவன்." எழுத்தரைப் பார்த்துச் சொன்னார். "எழுதுங்க. ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டபடி கைக்கூலி பத்து லட்சம், முழுதாத் திருப்பிக் குடுத்தாச்சி."

எழுத்தர் எழுதினார். ஒரு கையால் விசிறிக் காற்றில் பறந்த தாளை அமுக்கிக்கொண்டு, வாய்க்குள் முணுமுணுவென்று வாசிக்கத் தொடங்கினார்.

"தம்பி," என்றார் விதானையார். "சத்தமா வாசிங்க."

எழுத்தர் நிமிர்ந்தார். காதியார் தலையசைத்தார்.

பத்து லட்சம் என்று வாசித்தார். ஒலிபெருக்கி இல்லை. ஆனாலும் விறாந்தையின் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. விதானையார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு சொல்லும் தவறாமல் கேட்டார். பஸ்லியா கையெழுத்துப் போட்டு இரண்டு கட்டையும் எடுத்துக்கொண்டாள். வாசலைத் தாண்டும்போது, "போய்வாறன் மாமா," என்றாள். அவர் "ஓம்" என்றார். அதற்கு மேல் அவரால் முடியாது. அதுவே அவரளவில் அதிகம்.

வெளியே வந்தபோது விறாந்தையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வழி விட்டார்கள். தண்டம் கட்டியவனும் எழுந்தான். எழுந்தவன் ஏதோ கதைக்க வாயெடுத்தான். கையைத்தான் நீட்டினான். விதானையார் முஸாபஹா செய்துவிட்டு நடந்தார்.

றாஸிக் மோட்டார்சைக்கிளின் பின்னால் ஏறினான். சாய்ந்தமருது எல்லையைத் தாண்டினார்கள். பிறகு காற்றுக்கு மேலால் சொன்னான். "வாப்பா, வீட்ட போகாதீங்க. வயலுக்குப் போவம். இண்டைக்கு நாலு மணிக்குத் தண்ணிமுறைதானே."

செல்லத்தம்பி மடையடியில் காத்துக்கொண்டிருந்தார். விதானையார் இடுப்பிலிருந்து அந்த மூன்றாவது காசுக் கட்டை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"அஞ்சு திரும்பிற்று. அதுக்கான காணிய எனக்குத் திருப்பி விடு."

செல்லத்தம்பி கட்டைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், பிறகு வாய் நிறையச் சிரித்தார். "அப்ப விதானை வேலை போகல்ல. ஒண்டரை ஏக்கர் உங்களுக்கு, மிச்சம் எனக்கு. சரிதானே?"

"பதினஞ்சுக்கு நாலு ஏக்கர். அஞ்சுக்கு ஒண்டேகாலும் கொஞ்சமும் வரும். ஒண்டரை வராது."

"ஒண்டரையெண்டே வைங்க காக்கா. எங்களுக்குள்ள என்ன?"

"வேணாம். நான் ஒரு தரம் கூட்டி எழுதினதே போதும்."

செல்லத்தம்பி சிரிக்கச் சிரிக்க, விதானையார் சாரத்தை மடித்துக் கட்டினார். மணிக்கூட்டைப் பார்த்தார். நாலாக இரண்டு நிமிடம் இருந்தது. இரண்டு நிமிடமும் நின்றார். பிறகு குனிந்து பலகையைத் தூக்கினார். தண்ணீர் வெடித்த மண்ணுக்குள் சத்தத்தோடு இறங்கியது.